வேலைக் குறிக்கோளை யார் எழுதுவது?

1962-ல் எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர முயன்றார். பதினான்கு வயதில் போலியோ தாக்கியதில், ஓரிரு விரல்களைத் தவிர கழுத்துக்குக் கீழே உடல் அசையாது. இரவில் இரும்பு நுரையீரல் எனப்படும் சுவாசக் கருவிக்குள் படுத்துத்தான் மூச்சுவிட வேண்டும். சான் மாட்டியோ கல்லூரியில் படித்துத் தேறியவர் என்பதால் அவருடைய படிப்புத் திறனில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகளின் படிப்புச் செலவை ஏற்கவேண்டிய மாநில மறுவாழ்வுத் துறை கைவிரித்தது. இவ்வளவு கடுமையான பாதிப்பு உள்ளவர் ஒருநாளும் வேலைக்குப் போகப்போவதில்லை, எனவே அவருக்குச் செலவிடுவதில் பயனில்லை என்பது அதன் கணக்கு. விஷயம் செய்தித்தாள்களில் வெளிவந்த பிறகே துறை இறங்கிவந்தது. ராபர்ட்ஸ் அரசியல் அறிவியலில் இளங்கலையும் முதுகலையும் முடித்தார். 1975-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவரை அதே மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநராக்கினார். இந்த வரலாற்றைப் பலரும் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. ஒருவரால் என்ன வேலை செய்யமுடியும் என்று முடிவுகட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அது. அமெரிக்காவில் உடல் அல்லது மனக் குறைபாட்டோடு கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு மாணவரும், தொழில்சார் மறுவாழ்வுத் திட்டத்தின் அலுவலகத்துக்குள் நுழையும்போது இன்றும் இந்தக் கேள்வியைத்தான் எதிர்கொள்கிறார். சட்டம் அந்த அதிகாரத்தைப் பெருமளவு மாணவரிடமே கொடுத்துவிட்டது. இதை அறிந்துகொண்டு போகிறவருக்கும் அறியாமல் போகிறவருக்கும் கிடைக்கும் உதவியில் பெரிய வித்தியாசம் உண்டு என்பதே என் வாதம்.

இந்தத் திட்டத்துக்கு நூறு வயது கடந்துவிட்டது. முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்காக 1918-ல் வந்த சட்டத்தை அடியொற்றி, 1920-ல் பொதுமக்களுக்கான சட்டம் பிறந்தது. முதலில் உடல் ஊனம் மட்டுமே கணக்கில் வந்தது. மனநலக் குறைபாடும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் சேர 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நடப்பில் உள்ளது 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டமும் அதன்மேல் வந்த திருத்தங்களும். செலவில் 78.7 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது, மீதி 21.3 சதவீதம் மாநிலத்தின் பொறுப்பு. நடத்துவது மாநிலமே என்பதால் ஊருக்கு ஊர் பெயர் மாறும். கலிபோர்னியாவில் அது மறுவாழ்வுத் துறை, டெக்சஸில் பணியாளர் ஆணையத்தின் ஒரு பிரிவு, நியூயார்க்கில் கல்வித் துறையின் கீழ் இயங்கும் 'ஆக்சஸ்-விஆர்'. சில மாநிலங்களில் பார்வையற்றோருக்கென்று தனி அலுவலகமும் உண்டு. பெயர் எதுவானாலும் தகுதிக்கான அடிப்படை ஒன்றுதான்: வேலை பெறவோ தக்கவைக்கவோ தடையாக இருக்கும் ஒரு குறைபாடு, அந்தத் தடையைத் தாண்ட இந்தச் சேவைகள் தேவை என்ற நிலை. மாற்றுத்திறன் அடிப்படையில் சமூகப் பாதுகாப்புத் துறையின் மாதத் தொகை பெறுகிறவர் தகுதி உள்ளவராகவே கருதப்படுவார். விண்ணப்பித்த 60 நாளுக்குள் தகுதியைப் பற்றி முடிவு சொல்லவேண்டும், தகுதி உறுதியான 90 நாளுக்குள் திட்டம் எழுதப்படவேண்டும் என்று விதி கெடு வைத்திருக்கிறது. சிறப்புக் காரணம் இருந்து, மாணவரும் ஒப்புக்கொண்டால் மட்டும் அது நீளலாம்.

பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறும் இடம் இங்கேதான். இதை ஒரு கல்வி உதவித்தொகை என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். மதிப்பெண் பட்டியலையும் கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தையும் நீட்டி, கட்டணத்தைக் கட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். ஆலோசகரோ, "என்ன வேலைக்குப் போகப்போகிறீர்கள்?" என்று கேட்கிறார். இந்தத் திட்டத்தில் கல்லூரி என்பது பல சேவைகளில் ஒன்று, அவ்வளவுதான். சட்டத்தின் மையம் தனிநபர் வேலைத் திட்டம் என்ற ஆவணம். அதன் தலையில் ஒரு வேலைக் குறிக்கோள் எழுதப்படும். கணக்காளர், சமூகப் பணியாளர், மென்பொருள் சோதனையாளர், பள்ளி ஆசிரியர் என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தக் குறிக்கோளை அடைய என்னென்ன தேவையோ அவை அதன் கீழே வரிசையாக வரும்: கல்விக் கட்டணம், புத்தகம், திரைவாசிப்பு மென்பொருள், சைகைமொழி பெயர்ப்பாளர், போக்குவரத்து, படிப்பு முடிந்தபின் வேலை தேடித் தரும் உதவி. குறிக்கோளுக்குப் பட்டம் தேவை என்றால் பட்டத்துக்குப் பணம் வரும். தேவையில்லை என்றால் வராது. தலையில் இருக்கும் அந்த ஒரு வரிதான் கீழே உள்ள அத்தனையையும் தீர்மானிக்கிறது. மருந்துக்கடை உதவியாளர் என்று எழுதினால் சில மாதப் பயிற்சியோடு முடிந்துவிடும். மருந்தாளுநர் என்று எழுதினால் பல ஆண்டுப் படிப்பு அதற்குள் அடங்கும்.

அந்த வரியை எழுதுவது யார்? ஆலோசகர்தான் எழுதுவார் என்று பலரும் நம்புகிறார்கள். சில அலுவலகங்களில் நடைமுறையும் அந்த நம்பிக்கையை வளர்க்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மாணவருடைய தனித்த பலம், ஆற்றல், ஈடுபாடு, முன்னுரிமைகள் ஆகியவற்றோடு பொருந்தியதாகவும், விவரம் அறிந்து அவரே தேர்ந்தெடுத்ததாகவும் குறிக்கோள் இருக்கவேண்டும் என்பது அதன் வாசகத்தின் சாரம். திட்டத்தை மாணவர் தாமே எழுதிக்கொடுக்கலாம், ஆலோசகரின் துணையோடும் எழுதலாம், வேறு யாருடைய உதவியையும் பெறலாம். ஆலோசகர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால்தான் அது நடைமுறைக்கு வரும் என்பது உண்மை. ஆனால் ஒப்புக்கொள்ள மறுப்பதற்கு அவர் காரணம் காட்டவேண்டும். கிடைத்த வேலையை ஏதாவது ஒன்றாக மாட்டிவிட்டு வழக்கை முடித்துக்கொள்வது சட்டத்தின் நோக்கம் அல்ல.

நீதிமன்றங்கள் இதை எப்போதும் மாணவர் பக்கமாகவே பார்த்தன என்று சொல்லிவிட முடியாது. 1998-ல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச அமர்வான மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. துறையின் உதவியோடு படித்து வந்த ஒருவர் சட்டக் கல்லூரிச் செலவையும் ஏற்கும்படி கேட்டிருந்தார். ஒருவரை அவருடைய உச்சபட்சத் தொழில் நிலைவரை கொண்டுசேர்க்க மாநிலம் கடமைப்பட்டிருக்கவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை நான் தவறு என்று கருதுகிறேன். மூளைத்திறனும் விருப்பமும் கொண்ட ஒருவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டு, போதிய தூரம் வந்தாயிற்று என்று சொல்வதற்குச் சமம் அது. 2014-ல் வந்த பணியாளர் புத்தாக்கச் சட்டம் காற்றை எதிர்த்திசையில் திருப்பியது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம், மருத்துவம், சட்டம், வணிகம் ஆகிய துறைகளில் உயர்நிலைப் படிப்பும் இத்திட்டத்தின் சேவைகளுக்குள் அடங்கும் என்று அது வெளிப்படையாகவே எழுதிவைத்தது. பள்ளிக்கு மேற்பட்ட கல்விச் சான்று எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை மாநிலங்களின் செயல்பாட்டை அளக்கும் குறியீடுகளில் ஒன்றாகவும் ஆக்கியது. கல்லூரிக்கு அனுப்புவது இப்போது சலுகைக் கணக்கில் வருவதில்லை; மாநிலம் மத்திய அரசுக்குப் பதில் சொல்லவேண்டிய பணி அது.

பணம் எப்படி வருகிறது என்பதையும் பார்ப்போம். உயர்கல்விக்கு இத்திட்டம் பணம் தருவதற்குமுன், வேறு வழிகளில் கிடைக்கக்கூடிய மானியத்தைப் பெற மாணவரும் துறையும் முழு முயற்சி எடுத்திருக்க வேண்டும். நடைமுறையில் இதன் பொருள், ஃபாஃப்சா எனப்படும் மத்திய உதவி விண்ணப்பத்தை ஆண்டுதோறும் நிரப்பியாக வேண்டும் என்பதே. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவருக்குப் பெல் மானியம் கிடைக்கும், 2024-25 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். அது போக எஞ்சும் தேவையைத்தான் மறுவாழ்வுத் துறை கணக்கிடும். இதில் இரண்டு விலக்குகளைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. கல்விக் கடன் மானியம் ஆகாது, எனவே முதலில் கடன் வாங்கு என்று துறை கட்டாயப்படுத்த முடியாது. தகுதி மதிப்பெண்ணுக்காகப் பெற்ற பரிசுத்தொகையையும் ஈடாகக் கழிக்கக் கூடாது. மாநிலம் சொந்த ஊர் அரசுக் கல்லூரிக் கட்டணத்தை அளவுகோலாக வைக்கலாம், தனியார் கல்லூரியையோ வெளிமாநிலக் கல்லூரியையோ தேர்ந்தெடுத்தால் மேற்படும் தொகையை மாணவரிடம் விடலாம். ஆனால் தேவையான சேவையை மறுப்பதற்கு நிகராக அந்த வரம்பு அமையக் கூடாது. தனி ஒருவரின் தேவையைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பூட்டாக ஒரு தொகையை வைப்பதும் விதிக்கு முரண்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, வரி கட்டுகிறவரின் கோணம். ஆறு மாதப் பயிற்சியில் ஒருவரை வேலைக்கு அனுப்ப முடியும்போது, நான்கு ஆண்டுக் கல்லூரிக்கு ஏன் பொதுப்பணம்? கேள்வி நியாயமானது, அதைக் கடிந்து ஒதுக்கக் கூடாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குப்படி 2023-ல் 16 முதல் 64 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிகளில் ஏறத்தாழ 37 சதவீதம் பேர்தான் வேலையில் இருந்தார்கள். மற்றவர்களில் அது 75 சதவீதத்தை ஒட்டியது. மாற்றுத்திறனாளிகளுக்குள்ளேயே படிப்பு ஏறஏற வேலையில் இருப்போரின் விகிதமும் ஏறுகிறது. குறுகிய காலப் பயிற்சியில் கிடைக்கும் வேலைகள் பெரும்பாலும் உடலால் செய்யும் வேலைகள், நேரக் கட்டுப்பாடு இறுக்கமானவை, மருத்துவக் காப்பீடு இல்லாதவை. நாள்பட்ட நோயோ இயக்கக் குறைபாடோ உள்ளவர் முதலில் இழப்பது அந்த வேலைகளைத்தான். வேலையை இழந்தவர் மீண்டும் அரசின் மாதத் தொகைக்குத் திரும்புகிறார். மிகக் குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிக்குத் தரப்படும் மத்திய உதவித் தொகை 2025-ல் மாதம் 967 டாலர், அத்துடன் மருத்துவச் செலவு வேறு. இதை நாற்பது ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் அரசுக் கல்லூரியின் கட்டணம் சிறியதாகத் தோன்றும். இந்தக் கணக்கை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மாதத் தொகை பெற்றுவந்த ஒருவர் துறையின் உதவியால் வேலைக்குப் போய், ஒன்பது மாதம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதித்தால், அவருக்காகத் துறை செலவிட்டதைச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் திருப்பிக் கொடுக்கிறது. உதவித் தொகையில் மிச்சமாகும் பணம் அதைவிடப் பெரிது என்று தெரிந்ததால்தானே இப்படி ஓர் ஏற்பாடு?

அதே புள்ளிவிவரத்தில் எனக்குச் சாதகமில்லாத ஒரு செய்தியும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. எந்தப் படிப்பு நிலையை எடுத்தாலும், அதே படிப்புள்ள மற்றவர்களைவிட மாற்றுத்திறனாளிகள் வேலையில் இருப்பது குறைவாகவே உள்ளது. பட்டம் ஒன்றே எல்லாக் கதவையும் திறந்துவிடாது. இதைக் காட்டி, பிறகு எதற்குக் கல்லூரி என்று கேட்போர் உண்டு. எனக்குத் தோன்றுவது நேர்மாறு. கட்டணத்தை மட்டும் கட்டும் உதவித்தொகை பட்டமளிப்பு விழாவோடு விலகிக்கொள்ளும். மறுவாழ்வுத் திட்டமோ, வேலை கிடைத்துக் குறைந்தது 90 நாள் நிலைத்தபிறகே ஒருவரின் கோப்பை வெற்றி என்று மூடலாம். பட்டத்துக்கும் பணிநியமனத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பற்றிக் கவலைப்படும் ஏற்பாடு இது. பட்டத்தால் மட்டும் தாண்டமுடியாத பள்ளம் என்பதாலேயே பட்டத்தோடு வேலைத் திட்டமும் தேவைப்படுகிறது.

இரண்டாவது எதிர்வாதம், எல்லாருக்கும் கொடுக்கப் பணம் ஏது என்பது. ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட மத்திய நிதி போதாமல் போவதும் உண்டு. தகுதியுள்ள அனைவருக்கும் சேவை தர முடியாத மாநிலம், மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு முதலிடம் என்ற வரிசையை அறிவிக்கவேண்டும். மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில் நிற்பார்கள். கற்றல் குறைபாடோ மன அழுத்த நோயோ உள்ள மாணவர் இதில் பின்தள்ளப்படலாம். கல்லூரிக்குச் செலவிடும் பணத்தில் இரண்டு மூன்று பேருக்குக் குறும்பயிற்சி தரலாமே என்ற கேள்வி இங்கே கூர்மையாக எழும். ஆனால் தங்கள் பங்கான 21.3 சதவீதத்தை ஒதுக்க முடியாமல் மத்தியப் பணத்தைத் திருப்பி அனுப்பிய மாநிலங்களும் இருக்கின்றன. மாநிலம் ஒரு டாலர் போட்டால் மத்திய அரசிடமிருந்து ஏறக்குறைய 3.70 டாலர் வரும் இடத்தில் அந்த ஒரு டாலரை ஒதுக்காதது பற்றாக்குறை என்ற பெயருக்கே தகுதியற்றது. தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் அதன் சுமையை மாணவரின் கனவைச் சுருக்கிச் சமாளிப்பதைவிட, சட்டமன்றத்தில் கேட்டுத் தீர்ப்பதே முறை.

மூன்றாவது ஆட்சேபத்தைக் கேட்கும்போது எனக்கே தயக்கம் வருகிறது. கல்வியை வேலையோடு இப்படி இறுக்கிக் கட்டுவது சரியா? மற்ற மாணவர்கள் தத்துவமோ இசையோ படித்துப் பாதியில் மனம் மாறலாம். மாற்றுத்திறனாளி மட்டும் பதினெட்டு வயதில் வேலைக் குறிக்கோளோடு வரவேண்டுமா? இந்தக் குறை உண்மையானது. ஆனாலும் கட்டு நாம் நினைக்கும் அளவுக்கு இறுக்கமில்லை. குறிக்கோளை மாற்றத் திட்டத்தைத் திருத்த வழி இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறையாவது திட்டத்தை மறுபார்வை செய்தாக வேண்டும். வேலை என்பதன் எல்லையும் அகலமானது. வாஷிங்டன் மாநிலத்தில் பார்வையற்ற மாணவர் ஒருவர் கிறிஸ்தவப் போதகராவதற்குக் கிறிஸ்தவக் கல்லூரியில் படிக்க இந்த உதவியைக் கேட்டார். அப்படிக் கொடுப்பது அரசியலமைப்பு விதித்த மத நடுநிலையை மீறாது என்று 1986-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பணம் மாணவரின் தேர்வைப் பின்தொடர்ந்து போகிறது, எந்த நிறுவனத்துக்குப் போகவேண்டும் என்று அரசு தீர்மானிக்கவில்லை என்பது அதன் அடிப்படை. மாநில அரசியலமைப்பு இன்னும் கண்டிப்பானது என்று காட்டி வாஷிங்டன் நீதிமன்றம் 1989-ல் அவருக்கு உதவியை மறுத்துவிட்டது வேறு விஷயம். தேர்வு மாணவருடையது என்ற கொள்கைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமே அன்று எடை கொடுத்தது.

கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகம் இருக்கிறதே, அது போதாதா என்றும் கேட்கிறார்கள். இரண்டும் செய்யும் வேலை வேறு. தேர்வில் கூடுதல் நேரம், வகுப்பில் சைகைமொழி பெயர்ப்பாளர், படிக்கத்தக்க வடிவில் பாடநூல் ஆகியவை கல்லூரியின் சட்டக் கடமை. வீட்டிலும் பயன்படுத்தும் சக்கர நாற்காலி, காதுகேள் கருவி, சொந்த மடிக்கணினியும் அதற்கான மென்பொருளும் கல்லூரியின் பொறுப்பில் வராது. அவை மறுவாழ்வுத் திட்டத்துக்குள் வரலாம். இத்தகைய கருவிகளுக்கு, முதலில் வேறிடத்தில் கேட்டுப்பார் என்ற நிபந்தனையும் கிடையாது.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இத்திட்டத்தின் பெயரே அறியாதவர்கள் நிறையப் பேர். இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, குறைபாட்டை வெளியே சொல்லத் தயங்குவது. பிள்ளைக்கு ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ இருப்பது அலுவலகக் கோப்பில் ஏறினால் எதிர்காலம் கெட்டுவிடும் என்ற அச்சம். இந்தக் கோப்பு ரகசியக் காப்புக்கு உட்பட்டது, வேலை தருபவருக்குத் தானாகப் போய்ச் சேராது. இரண்டு, வருமானம் அதிகம் என்பதால் கிடைக்காது என்ற எண்ணம். தகுதியை முடிவுசெய்ய வருமானம் பார்க்கப்படுவதில்லை. சில மாநிலங்கள் கட்டணம் போன்ற சில செலவுகளுக்குக் குடும்பப் பங்கைக் கேட்கும், அங்கேயும் ஆலோசனை, வேலை தேடும் உதவி, சைகைமொழி பெயர்ப்பு போன்றவற்றுக்கு வருமானக் கணக்கு வராது. மாதத் தொகை பெறுகிறவரிடம் எதற்குமே கேட்கக் கூடாது. அதேசமயம் இது வேலைக்கான திட்டம் என்பதால் அமெரிக்காவில் சட்டப்படி வேலை செய்ய அனுமதி உள்ளவர்களுக்கே பயன்படும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வருகிறவர்கள் பொதுவாக இதை நம்பிப் புறப்படக் கூடாது.

காலம்தான் இதில் முதல் எதிரி. பள்ளியில் சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் தேவைகளைத் தேடிக் கண்டறிவது பள்ளியின் கடமை. கல்லூரி வாசலைத் தாண்டியதும் கேட்கவேண்டிய பொறுப்பு மாணவர் தலையில் விழுகிறது. இந்த மாற்றத்துக்காகவே, மாநிலத்துக்கு வரும் மத்திய நிதியில் குறைந்தது 15 சதவீதத்தைப் பள்ளிப் பருவத்து மாணவர்களின் முன்தயாரிப்புக்கு ஒதுக்கவேண்டும் என்று 2014 சட்டம் சொன்னது. வேலைகளை அறிமுகப்படுத்துவது, பணியிட அனுபவம், உயர்கல்வி ஆலோசனை, தன் தேவையைத் தானே எடுத்துச்சொல்லும் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். முறையாக விண்ணப்பிக்காத மாணவருக்கும் இவை கிடைக்கும். விண்ணப்பித்துத் தகுதி பெற்றவருக்குப் பள்ளியை விட்டு வெளியேறுமுன் வேலைத் திட்டம் தயாராகிவிட வேண்டும். கல்லூரிக் கட்டண ரசீது வந்தபிறகு மறுவாழ்வுத் துறையைத் தேடிப் போவது பெரும்பாலும் வீண். திட்டம் கையெழுத்தாவதற்கு முந்தைய செலவைத் துறை பொதுவாக ஏற்காது.

பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பியுங்கள். போகும்போது விரும்பும் வேலையின் பெயர், அதற்குப் பட்டம் தேவை என்று காட்டும் உள்ளூர் வேலை விளம்பரங்கள், அந்தப் படிப்பைத் தாங்கமுடியும் என்று காட்டும் மதிப்பெண்கள், எந்தக் கருவியும் ஏற்பாடும் இருந்தால் முடியும் என்ற குறிப்பு ஆகியவற்றை எழுத்தில் கொண்டுபோங்கள். ஆலோசகர் மறுத்தால் மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். சமரசப் பேச்சுக்கும் நடுநிலை விசாரணைக்கும் உங்களுக்கு உரிமை உண்டு, மேல்முறையீடு நடக்கும் காலத்தில் ஏற்கெனவே தொடங்கிய சேவையை நிறுத்தக் கூடாது. இந்த வேலைக்கென்றே ஒவ்வொரு மாநிலத்திலும் பயனாளர் உதவித் திட்டம் என்ற அமைப்பைச் சட்டம் வைத்திருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. அதன் முகவரியும் தொலைபேசி எண்ணும் வேலைத் திட்டத்தோடும் மறுப்புக் கடிதத்தோடும் உங்களுக்குத் தரப்பட்டாக வேண்டும். தரப்படவில்லை என்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.